ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து இயக்க எந்த வழி?

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னை நார் மில் இருக்கிறது. நான் குடியிருப்பது கோயம்புத்தூரில். மில் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் டேலி ஓடுகிறது. பில், ஸ்டாக், கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஒரே ஒரு பில்லில் வண்டி எண்ணைத் திருத்துவதற்காகப் போக வர 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய நாட்கள் உண்டு. அதற்கு முடிவு கட்டத்தான் ரிமோட் டெஸ்க்டாப் பக்கம் வந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தூக்கிவிட்டு, மறுபடி போட்டு, இப்போது ஒரு ஏற்பாட்டில் நிற்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

எது வேகம், எது இலவசம், எதில் என்னென்ன வசதி என்று கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும் என்பது என் அனுபவம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பக்கம், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? ஆளே இல்லையா? வேறு ஒருவர் அதே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அல்லது நம்மிடம் உதவி கேட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் மூன்று வழி. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் போட்டால் பாடுதான்.

ஏன் என்று புரிய, இந்த மென்பொருள்கள் இரண்டு ஜாதி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸுடன் வருகிற ரிமோட் டெஸ்க்டாப், அதாவது ஆர்டிபி, ஒரு ஜாதி. அதில் நாம் தொலைவிலிருந்து விண்டோஸுக்குள் லாகின் செய்கிறோம். உள்ளே போனதும் ஆபீஸில் இருக்கிற மானிட்டர் பூட்டிக்கொள்ளும். அங்கே நிற்பவருக்கு லாகின் திரைதான் தெரியும். எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க், விஎன்சி எல்லாம் இன்னொரு ஜாதி. அவை ஆபீஸ் மானிட்டரில் என்ன தெரிகிறதோ அதைப் படம் பிடித்து நமக்கு அனுப்புகின்றன. நம் மவுஸையும் கீபோர்டையும் அங்கே கொண்டுபோகின்றன. அங்கே நிற்பவர் நாம் செய்வதையெல்லாம் பார்க்கலாம், மவுஸை அவரும் நகர்த்தலாம்.

சின்ன வித்தியாசம் மாதிரி தெரிகிறது. ஒரு 20-ஆம் தேதி சாயங்காலம்தான் இது எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். நாங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால் டிஜிட்டல் கையெழுத்து போட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கையெழுத்தை வைத்திருக்கும், பென் டிரைவ் மாதிரியான என் டிஎஸ்சி டோக்கனை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். சரி, ஆர்டிபிதான் இருக்கிறதே என்று உள்ளே போனேன். டேலி திறந்தது, எண்கள் ஒத்துப்போயின, போர்ட்டலில் எல்லாம் ஏற்றியாயிற்று. கையெழுத்துப் போடும் இடத்தில், அதற்கான மென்பொருளான எம்சைனரின் பெட்டி காலியாக வந்தது. சான்றிதழே இல்லை. எம்சைனரை மூடித் திறந்தேன், பிரவுசரை மாற்றினேன், அப்படியும் இல்லை. வாட்ச்மேன் அண்ணனை போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். “சொருகித்தான் இருக்குதுங்க, லைட்டு மினுக்குது” என்றார்.

காரணம் எளிமையானது, எனக்குத்தான் அன்று தெரியவில்லை. ஆர்டிபி வழியாக உள்ளே போனால், ஸ்மார்ட் கார்டு வகைச் சாதனங்களை விண்டோஸ் நம் கையில் இருக்கிற லேப்டாப்பில்தான் தேடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகியிருப்பது அந்த நேரத்தில் அதன் கண்ணுக்குத் தெரியாது. டிஎஸ்சி டோக்கனும் ஸ்மார்ட் கார்டு வகைதான். அதை மாற்றிக்கொள்ள அமைப்பு எதையும் நான் தேடவில்லை. ஆர்டிபியை விட்டு வெளியே வந்து, அதே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த குரோம் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தேன். அதே டோக்கன், அதே எம்சைனர். சான்றிதழ் வந்து நின்றது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் இதற்கும் விண்டோஸைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை என்பதால்தான் அது வேலை செய்தது.

அதன் பிறகு யோசித்தபோது தெரிந்தது, இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். டோக்கனை என் கையோடு வைத்துக்கொண்டு, வீட்டு லேப்டாப்பில் சொருகி, ஆர்டிபியில் நுழைந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொள்ளும். டோக்கனுக்கான டிரைவர் இரண்டு பக்கமும் இருந்தால் போதும். என் கையெழுத்து என்னிடமே இருப்பதுதான் முறை. யார் வேண்டுமானாலும் வந்து போகிற ஆபீஸில் அதை இரவெல்லாம் சொருகி வைத்திருந்தது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்தே எந்த வழி என்று முடிவு செய்துவிடலாம்: டோக்கன் எங்கே இருக்கப்போகிறது?

நாற்காலி காலியாக இருக்கும்போது

இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்கு ஆர்டிபிதான். எழுத்துகள் மங்காமல் கூர்மையாக வரும். டேலியில் மணிக்கணக்காக எண்களைப் பார்க்கிற கண்ணுக்கு அது பெரிய உதவி. வீட்டு பிரிண்டரையே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் காட்டிவிடுவதால் பில்லை இங்கேயே அச்செடுக்கலாம். முக்கியமாக, நான் சம்பளக் கணக்குப் பார்க்கும்போது அங்கே மானிட்டர் பூட்டியிருக்கும். யாரும் எட்டிப் பார்க்க முடியாது. திரையைப் பகிரும் வகையில் அந்த மறைவு தானாக வராது, அதற்கென்று ஒரு அமைப்பைத் தேடிப் போட வேண்டும்.

ஆனால் சில முன்நிபந்தனைகள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குப் போகலாம், ஹோம் பதிப்புக்குள் யாரும் வர முடியாது. கடையில் வாங்குகிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம்தான் வருகிறது, அதனால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம், பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் ஆர்டிபி உள்ளே விடாது. தினமும் 4 இலக்கப் பின் போட்டுத் திறந்து பழகியவர்களுக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டே மறந்திருக்கும். ஆர்டிபி அந்தப் பின்னை ஏற்காது.

அடுத்தது இணைய இணைப்பு. பழைய வழிகாட்டிகளில் ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ஆர்டிபி உள்ளே வருகிற வாசலை, வெளியுலகத்துக்குத் திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 3389 திறந்திருக்கும் முகவரிகளை இணையம் முழுக்கத் தேடி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் நிரல்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பாஸ்வேர்டே இல்லாமல் விண்டோஸ் 7-க்குள் இந்த வழியாக நுழைய முடியும் என்று தெரியவந்தது. ஆதரவை நிறுத்தி ஐந்து வருடம் ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்களுக்கும் திறந்து கிடக்கும் ஆர்டிபி ஒரு பிடித்தமான வாசல்.

திறக்க நினைத்தாலும் நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது நடக்காது. நம் ரவுட்டருக்கு வெளியுலக முகவரியே கொடுப்பதில்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியை வைத்து ஓட்டுகிறார்கள். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்த வகை. போர்ட்டைத் திறந்தாலும் அந்தக் கதவு தெருவைப் பார்த்து இருக்காது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல தீர்வு டெயில்ஸ்கேல். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வீட்டு லேப்டாப்பிலும் போட்டு ஒரே கணக்கில் இணைத்தால், இரண்டும் ஒரே அறையில் இருப்பது போல ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வயர்கார்டு என்ற குறியாக்க முறையின் மேல் ஓடுகிறது. போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது கொடுக்கிற 100 என்று தொடங்கும் முகவரியை ஆர்டிபியில் போட்டால் போதும். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. தொழிலுக்கு என்றால் அவர்களுடைய கட்டணப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதில் இரண்டு இடம் கவனம். விண்டோஸில் டெயில்ஸ்கேல் இயல்பாக ஆள் லாகின் செய்திருக்கும் வரைதான் இணைப்பில் இருக்கும். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நின்றால் இணைப்பு வராது. அதன் மெனுவில் ஆள் இல்லாமலும் ஓடு என்பதற்கான ‘ரன் அன்அட்டெண்டட்’ தேர்வைப் போட்டுவிட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் அனுமதியும் 180 நாளில் காலாவதியாகும்படி வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி, காரணம் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

நாற்காலியில் வேறு ஒருவர் வேலை செய்யும்போது

இங்கேதான் ஆர்டிபி காலை வாரிவிடும். ஒரு நாள் மதியம் ஸ்டாக் பார்க்கலாம் என்று வீட்டிலிருந்து நுழைந்தேன். அடுத்த நிமிடம் கணக்கு எழுதும் தங்கையிடமிருந்து போன். “அண்ணா, லோடு வண்டிக்குப் பில் போட்டுட்டு இருந்தேனுங்க, ஸ்கிரீன் தானா பூட்டிக்கிச்சுங்க.” அவர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தார், நான் வெளியே தள்ளப்பட்டேன். விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியே லாரி நின்றுகொண்டிருக்க, உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அதே கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பலர் தனித்தனியாக வேலை செய்ய வேண்டுமானால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு உரிமமும் வாங்க வேண்டும். ஒருவர் என்ற வரம்பை உடைக்கும் ஒட்டுகள் (பேட்ச்) இணையத்தில் கிடைக்கின்றன. அவை உரிமத்துக்கு விரோதம்; விண்டோஸ் அப்டேட் வந்தால் ஒரே நாளில் படுத்துவிடுகின்றன. கணக்கு ஓடுகிற கம்ப்யூட்டரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

எங்கள் அளவுக்கு சர்வர் அதிகம். நிதானமாக யோசித்தபோது, பகலில் எனக்குத் தேவையாக இருந்தது கம்ப்யூட்டரே இல்லை, இரண்டு மூன்று எண்கள்தான்: ஸ்டாக் எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு. டேலி பிரைமில் அறிக்கைகளை பிரவுசரிலேயே பார்க்கும் வசதி இருக்கிறது. சந்தா உயிரோடு இருக்க வேண்டும், ஆபீஸில் டேலி திறந்திருந்து இணையத்தில் இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கை பில் போட்டுக்கொண்டே இருப்பார், நான் போனில் பாக்கியைப் பார்த்துக்கொள்வேன். ரிமோட் மென்பொருள் தேடுகிறவர்கள் பலருக்கு உண்மையில் இது போதும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால் மட்டும் திரையைப் பகிரும் வகைக்குப் போகிறேன். நான் மவுஸை நகர்த்துவதை அவர் அங்கே பார்த்துக் கற்றுக்கொள்வார். அதற்கு நான் வைத்திருப்பது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். கூகுள் கணக்கும், குறைந்தது 6 இலக்கப் பின்னும் போதும். கட்டணம் கிடையாது, இந்தப் பொது முகவரித் தொல்லையையும் அது தானே தாண்டிவிடும், போனிலிருந்தும் வரலாம். வசதிகள் குறைவுதான், வீட்டு பிரிண்டரில் அச்செடுப்பதெல்லாம் நடக்காது. ஆனால் அந்தக் கூகுள் கணக்கு திருடுபோனால் ஆபீஸ் வாசல் வரை வந்துவிடுவார்கள், ஆகவே இரட்டைச் சரிபார்ப்பு போட்டே தீர வேண்டும்.

எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் இதைவிட வசதியானவை என்பதில் சந்தேகமில்லை. இரண்டுமே ஜெர்மனியில் பிறந்தவை. மெதுவான இணைப்பிலும் எனிடெஸ்க் சறுக்காமல் ஓடும், ஃபைலை இழுத்துப் போடலாம், பழகுவதும் சுலபம். ஆனால் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். மில் கணக்குப் பார்ப்பது சொந்த உபயோகம் ஆகாது. இலவசத்தில் ஓட்டிக்கொண்டிருந்து, வியாபார உபயோகம் என்று மென்பொருள் கண்டுபிடித்து நடு வேலையில் இணைப்பை வெட்டினால் அப்போது யாரையும் குறை சொல்ல முடியாது. தினமும் நாலைந்து வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்களுக்குள் போகிற டேலி சர்வீஸ்காரர் என்றால் பணம் கட்டி இவற்றில் ஒன்றை வாங்குவதுதான் சரி. எனக்கு மாதம் ஐந்தாறு தடவைக்கு அது கட்டுப்படியாகவில்லை. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னது, மென்பொருளுக்கான சான்றிதழையும் மாற்றியது. நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்துப் போகிற எந்த வழியிலும் இந்த ஆபத்து ஒட்டிக்கொண்டே வரும்.

நடுவில் யாரும் வேண்டாம் என்பவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது. திறமூலம், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; இணைத்துவைக்கும் சர்வரை நாமே நடத்தலாம். லினக்ஸ் தெரிந்த, மாதாமாதம் சர்வரைப் பராமரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. திரையைப் பகிரும் இந்த வகையில் விஎன்சி மூத்தது, கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு ஆய்வகத்தில் 90-களில் உருவானது. ராஸ்பெர்ரி பை, லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் பயன்படும். அதன் பழைய வடிவத்தில் பாஸ்வேர்டு 8 எழுத்தோடு நின்றுவிடும், அனுப்புவது குறியாக்கமும் ஆகாது. வெளி இணையத்தில் அதைத் தனியாக விடவே கூடாது.

உதவி கேட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது

என் அப்பாவுக்கு 71 வயது. கோபியில் இருக்கிறார். பிரிண்டர் வரவில்லை, எழுத்து சின்னதாகிவிட்டது என்று வாரம் ஒரு தடவையாவது கூப்பிடுவார். அவர் லேப்டாப்பில் எனக்கு நிரந்தர வழி எதையும் நான் வைக்கவில்லை. குவிக் அசிஸ்ட் மட்டும்தான். விண்டோஸில் கூடவே வருவது; கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நான் என் பக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீடு எடுத்து போனில் படிப்பேன், அவர் அங்கே அடிப்பார், அனுமதிப்பார். அந்தக் குறியீடு சில நிமிடங்களில் செத்துவிடும். அவர் மூடிவிட்டால் என்னால் மறுபடி உள்ளே போக முடியாது. ஆபீஸுக்கு இது குறை. அப்பாவுக்கு இதுதான் பாதுகாப்பு.

ஒரு சின்ன விஷயம், தெரியாவிட்டால் பதறிவிடுவோம். டிரைவர் போடும்போது நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும் அல்லவா, அந்த நேரத்தில் என் பக்கம் திரை கறுத்துவிடும். அந்தப் பெட்டியை எதிரில் இருப்பவர்தான் அழுத்த முடியும். “அப்பா, ஒரு பெட்டி வந்திருக்கும், ‘எஸ்’னு இருக்கிறதை அழுத்துங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எனிடெஸ்க் போன்றதை அப்பா போனிலோ லேப்டாப்பிலோ போட நான் சம்மதிக்கவே மாட்டேன். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே எச்சரித்தது: பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று கூப்பிட்டு, அதைப் போடச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டு வாங்கி, யுபிஐ வழியாகப் பணத்தை எடுக்கிறார்கள் என்று. மென்பொருளில் தப்பில்லை, அது சொன்னதைச் செய்கிறது. குவிக் அசிஸ்ட்டையும் மோசடிக் கும்பல்கள் பயன்படுத்துவதாக 2024-இல் மைக்ரோசாஃப்ட்டே எழுதியது. அதனால் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: நீங்களாக என்னைக் கூப்பிட்டால்தான் நான் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வருவேன், உங்களைக் கூப்பிட்டு உள்ளே விடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், என் குரல் மாதிரியே இருந்தாலும், வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்று எண்ணைப் பெரிதாக எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டியிருக்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் தமிழ் கீபோர்டு போட்டிருந்தால் எழுத்துகள் குழம்பிவிடும். நம் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ்99-ஐ இயக்குங்கள். ஆர்டிபி இணையும்போதே நம் கீபோர்டு மொழியை அங்கே கொண்டுபோகப் பார்க்கும், அதனால் இணைவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் என்னை அதிக நாள் கைவிட்டது மென்பொருள் இல்லை, கரண்ட். கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் எந்த வழியும் வழியில்லை. ஸ்லீப்புக்குப் போகாமல் விண்டோஸில் அமைத்தேன். விண்டோஸ் தொடங்கும் முன்பே வருகிற பயாஸ் அமைப்பில் கரண்ட் போய் வந்தால் தானாக எழு என்கிற அமைப்பு இருக்கும், அதைப் போட்டேன். அப்போதும் ஒரு ஓட்டை இருந்தது: கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கு இல்லை. அதையும் சேர்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி, யுபிஎஸ்ஸையும் மெயினையும் சேர்த்து அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னேன். கோயம்புத்தூரில் டெயில்ஸ்கேல் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது. ஆர்டிபியைத் திறந்து பாஸ்வேர்டு போட்டேன், டேலி வந்தது.